ரீடிங் வராத வண்டி

நான் யாருக்கும் மார்க் குறைத்துப் போட்டவன் இல்லை, மேடம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தேன். மார்க் போடுவது வாத்தியார்களின் வேலைதான். ஆனால் செய்முறைத் தேர்வு அன்றைக்கு எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு விழும் என்பது பாதிக்குமேல் என் கையில் இருந்தது. ஊசல் சரியாக ஆடாது. கம்பி சூடேறாது. பிள்ளை வியர்த்துப்போய் நிற்கும். வெளியூர்த் தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து நான் போய் ஒரு திருகை லேசாகத் தள்ளி வைப்பேன். ரீடிங் வந்துவிடும். 'மணவாளன் அண்ணன் இருந்தா பயமில்ல' என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள்.

அது ஏமாற்று வேலை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. விதி உண்மை, கருவிதான் பழசு. உண்மை வெளியே வரத் திணறுகிறபோது கொஞ்சம் கைகொடுப்பதில் என்ன தப்பு? உங்கள் ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டார் பாருங்கள். எழுதச் சொல்லுங்கள். நான் ஊர்க்கதை பேசவில்லை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு கார் வாங்கினேன். அறுபது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவன் என்று எல்லோரும் இப்போது சொல்லிக் காட்டுகிறார்கள். சொல்லட்டும். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவன் நான். இரண்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினேன். பிறகு பிரேக் போடும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. புறவழிச் சாலையில் இருக்கிற கனகமணி மோட்டார்ஸில் கொண்டுபோய் விட்டேன். வாங்கியதும் அங்கேதான்.

அங்கே வண்டியைப் பார்த்து வாங்கிக்கொண்டவன் செபாஸ்டின். சர்வீஸ் அட்வைசர். கடலூர் ஓல்டு டவுனிலிருந்து தினமும் பைக்கில் வந்து போகிறவன். சட்டையை இன் பண்ணி, தலையைப் படிய வாரி, எதிரே நிற்பவர் முகம் வாடினால் தன் முகமும் வாடுகிற ஆள். மறுநாள் மாலை சாவியைக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், கம்பெனிலேர்ந்து போன் வரும் சார். சர்வீஸுக்குப் பத்துக்கு எவ்ளோன்னு கேப்பாங்க. ஒம்பதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒம்பதுன்னா எங்களுக்கு ஃபெயில் மாதிரி. வீட்ல வேற மாசமா இருக்காங்க சார்."

வண்டியை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் குறைந்திருந்தது, நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தால் முன்பைவிடக் கொஞ்சம் கீழே இறங்கிப் பிடிப்பது போலவும் இருந்தது. போன் வந்தது. ஒரு பெண் கேட்டாள். பத்துக்குப் பத்துங்க, தங்கமான பையன் என்று சொன்னேன். இந்த ஊரில் ஒருவன் கையைப் பிடித்துக் கேட்டால் யார்தான் ஒன்பது போடுவார்கள்?

நான்காம் நாள் கிள்ளையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான், என் மனைவி மலர்க்கொடி, அவள் தங்கை, தங்கையின் வீட்டுக்காரர் அன்புமணி. நான்கு பெரியவர்கள். அன்புமணி ஒருவரே எழுபத்தெட்டு கிலோ. மேல வீதி முனையில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. ஆட்டோவைத் தவிர்த்து ஒடித்தேன், மின்கம்பத்தில் போய் மோதியது. மலர்க்கொடியின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது. கட்டு பிரித்த பிறகும் அந்தக் கையால் தலையைப் பின்ன முடியவில்லை. தினமும் காலையில் நான்தான் பின்னிவிட்டேன். மூன்று பிரியும் ஒரே அளவில் வரும்படி பின்னக் கற்றுக்கொண்டேன்.

கனகமணி மோட்டார்ஸ்காரர்கள் வண்டியை இழுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, 'பிரேக்கில் குறை எதுவும் காணப்படவில்லை, வாடிக்கையாளர் ஓட்டிய முறையே காரணம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். கடலூரில் இருக்கிற அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்குப் போனேன். மேலாளர் பாலகுமார் எனக்கு டீ சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்து மூன்று பெட்டி வரைந்தார்.

"சார், இது கிளட்ச், லெஃப்ட்ல. நடுவுல பிரேக். ரைட் ஓரம் ஆக்சிலேட்டர். பெரியவுங்க நெறைய பேரு பதட்டத்துல நடுவுல இருக்கறத விட்டுட்டு ஓரத்துல இருக்கறத மிதிச்சிடுறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எங்கப்பாவே ஒருவாட்டி மிதிச்சாரு."

முப்பத்தொரு வருடம் கருவிகளோடு பழகியவனுக்குப் பெட்டி வரைந்து காட்டுகிறார். நான் கோபப்படவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் அவரிடம் நஷ்ட ஈடு கேட்கவில்லை, புது வண்டி கேட்கவில்லை. ஒரே ஒரு வரி கேட்டேன். பிரேக் பிடிக்கவில்லை, தவறு எங்களுடையது என்று அவர்கள் கையால் ஒரு வரி. தர மாட்டேன் என்றார்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். ஏழு வாய்தா, ஏழுக்கும் கடலூருக்குப் பேருந்தில் போய் வந்தேன். கடைசி வாய்தாவில் அவர்கள் வக்கீல் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். என் குரல்தான். 'பத்துக்குப் பத்துங்க, தங்கமான பையன்.' பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திருப்தியான வாடிக்கையாளர், குறையை நிரூபிக்கவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. ஒரு மனிதன் இரக்கப்பட்டுச் சொன்ன வார்த்தையை எடுத்து அவன் முகத்திலேயே அடித்தார்கள். அதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பிரிவு இருக்கிறது, மேடம்? ஒன்றும் இல்லை.

திரும்பி வருகிற பேருந்தில் மலர்க்கொடி பேசினாள். அதுவரை அவள் அந்த விபத்தைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

"ஏங்க, வுட்டுடுங்க. யாரும் உங்கள குத்தம் சொல்லல. கால் மாறிப்போச்சி. வயசானா மாறாதா?"

"நீயும் அவுங்க கட்சியா?"

"கட்சி என்னாங்க கட்சி. பக்கத்துல நான்தான உக்காந்திருந்தேன். வண்டி நிக்காம போவல. சீறிக்கிட்டுப் போச்சி."

அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? பெட்ரோல் எங்கே ஊற்றுவார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. பாலகுமார் சொன்னபோது எரியாதது அவள் சொன்னபோது எரிந்தது. வண்டி சரியாகி வந்த பிறகும் அவள் அதில் ஏறவில்லை. மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். நான் வண்டியை வெளியே எடுத்தால் எதிர்வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்து, 'டேய், சார் வர்றாரு, செவுத்தோரமா நில்லுங்கடா' என்பார். விளையாட்டுக்குத்தான் சொல்வார். தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

குறையை நிரூபிக்கவில்லை என்றார்கள் அல்லவா? நிரூபிப்பது எனக்குத் தெரிந்த தொழில். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வரிசை எண், தேதி, ஓட்டியவர், பாரம், தூரம், முடிவு என்று கட்டம் போட்டேன். நோட்டு உங்கள் மேசையில் இருக்கிறது. ஓட்டியவர் என்கிற கட்டத்தில் பதினான்கு வரிசைக்கும் என் பெயர்தான் இருக்கும். சேத்தியாத்தோப்பு வரைக்கும், குறிஞ்சிப்பாடி வரைக்கும், கிள்ளை வரைக்கும் போய் வந்தேன். நிபந்தனை ஒன்றாக இருந்தால்தான் முடிவை ஒப்பிட முடியும் என்பதால் மூன்று பேருடைய எடைக்குச் செங்கல் ஏற்றிக்கொண்டு போனேன். பதினான்கு தடவையும் பிரேக் பிடித்தது.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். இருக்கிற குறை எல்லா நேரமும் தலைகாட்டாது என்பது ஆய்வகத்தில் வேலை செய்தவனுக்குத் தெரியும். இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. ஓட்டுகிறவன் நானாக இருக்கிற வரைக்கும், குறை வெளியே வந்தாலும் கிழவனுக்குக் கால் மாறிவிட்டது என்றுதான் சொல்வார்கள். ஓட்டுகிறவன் அவர்கள் ஆளாக இருக்க வேண்டும். அப்போது எந்தப் பாலகுமாரும் பெட்டி வரைய முடியாது.

செபாஸ்டின் தானாகத்தான் வீடு தேடி வந்தான். நான் கூப்பிடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கையில் ஆரஞ்சுப் பழங்களோடு வாசலில் நின்றான்.

"சார், அந்த ரெக்கார்டிங்க நான் குடுக்கல சார். மேலேருந்து எடுத்துட்டாங்க. அன்னியிலேர்ந்து மனசே சரியில்ல."

மலர்க்கொடி அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். குழந்தை பிறந்துவிட்டதாம், ஆண் குழந்தை. மனைவி நித்யா மேரி பிரசவத்துக்குக் கிள்ளையில் தாய்வீட்டுக்குப் போனவள் நாலு மாதமாக அங்கேயே இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரையும் மாமியாரையும் கடலூருக்கு அழைத்து வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம், ஆரோக்கிய ஜெகன் என்று பெயர் வைக்கப் போகிறோம் என்றான். வாடகைக் கார் சொல்லலாம் என்று இருக்கிறானாம்.

"வாடக கார் எதுக்கு? என் வண்டிய எடுத்துக்கப்பா. நானே கிள்ளைக்குக் கொண்டாந்து வுட்டுட்டு பஸ்ல வந்துடறேன்."

தயங்கினான். அய்யோ வேணாம் சார், உங்களுக்கு எதுக்கு சிரமம் என்றான்.

"நீ ரிப்பேர் பண்ண வண்டிதான? அதுல நம்பிக்கை இல்லியா?"

சிரித்துவிட்டான். "நம்பிக்கை இல்லாமயா சார். நூத்துக்கு நூறு ஓகே." தெருமுனை வரை ஓட்டி, இரண்டு தடவை பிரேக் போட்டுப் பார்த்துவிட்டு வந்தான். பிடித்தது. மலர்க்கொடிக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி சாப்பாடு போடும்போது, "இப்பதாங்க நீங்க பழையபடி ஆனீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டில் பதினைந்தாவது வரிசையைப் பூர்த்தி செய்தேன். ஓட்டியவர் என்கிற கட்டத்தில் முதல்முறையாக என் பெயர் இல்லை. பாரம்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. செபாஸ்டின், அவன் மனைவி, மாமியார், பெரியவர்கள் மூன்று பேர்தான். அன்புமணி இடம் காலி. ஞானஸ்நான விருந்துக்கு என் அன்பளிப்பு என்று மூன்று மூட்டை பொன்னி அரிசி வாங்கிப் போட்டேன். மூட்டை இருபத்தாறு கிலோ. மூன்று மூட்டை எழுபத்தெட்டு.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிள்ளையில் இருந்தேன். மாமியார் சவரியம்மாள் நல்ல மனுஷி, அரிசி மூட்டைகளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டாள். இட்லி சாப்பிட்டால்தான் ஆயிற்று என்று நிறுத்திவைத்தாள். நித்யா மேரி குழந்தையை என் மடியில் போட்டாள். என்ன எடை இருக்கான் என்று கேட்டேன். "ஆறு கிலோ சார், போன வாரம் ஊசி போடறப்ப பாத்தாங்க" என்று பெருமையாகச் சொன்னாள். அதை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. வெளியே போய் ஒரு மூட்டையைப் பிரித்து, ஆறு கிலோவை மட்டும் எடுத்து, வீட்டுச் செலவுக்கு இருக்கட்டும் என்று சவரியம்மாள் கொடுத்த பானையில் கொட்டினேன். பிரித்த மூட்டையைப் பின் சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் வைத்தேன். மற்ற இரண்டும் டிக்கியில் இருந்தன.

பிறகு டயரில் காற்றைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தென்னை மரத்து நிழலில் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர். எந்தத் திருகு, எத்தனை சுற்று என்பது மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது, நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரம் ஊருக்குள் பிரேக் பிடிக்கும், புறவழிச் சாலையில் ஏறிய பிறகுதான் பிடிக்காமல் போகும் என்று பார்த்து வைத்தேன். ஊருக்குள் கூட்டம் இருக்கும், சம்பந்தமில்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அந்தப் பொறுப்பு எனக்கு இருந்தது. கெட்ட மனசுக்காரனாக இருந்தால் இதையெல்லாம் பார்ப்பானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

குறையை நான் உண்டாக்கினேன் என்று எழுதாதீர்கள். குறை முதலிலிருந்தே இருந்தது. அது வெளியே வரத் திணறியது, நான் கொஞ்சம் கைகொடுத்தேன். அவ்வளவுதான்.

அவர்கள் ஜெபம் முடித்துக் கிளம்ப இன்னும் நேரம் ஆகும் போலிருந்தது. நான் குழந்தையின் கையில் ஒரு நூறு ரூபாய்த் தாளை வைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். செபாஸ்டின் நிறுத்தம் வரை கூடவே வந்தான். "சார், நீங்களும் அம்மாவும் நாளைக்கிக் கட்டாயம் வரணும்" என்று இரண்டு தடவை சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது மலர்க்கொடி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலை விரித்தபடி இருந்தது. அவசரத்தில் அன்றைக்குப் பின்னிவிடாமல் போயிருந்தேன். சீப்பைத் தேடி என் மேசையைத் திறந்திருக்கிறாள். கையில் நோட்டு.

"இதுல இன்னிக்கித் தேதி போட்டிருக்கு. ஓட்னவரு செபாஸ்டின்னு இருக்கு. பிரேக் பிடிக்கவில்லைன்னு இருக்கு. இன்னும் நடக்கலியே, எப்புடிங்க எழுதனீங்க?"

விடை தெரிந்த சோதனைக்கு லேப்பில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொன்னேன். அவள் நோட்டை மூடினாள்.

"போன் போடுங்க. அந்தப் புள்ளைய நிக்கச் சொல்லுங்க. கொழந்தை இருக்குதுங்க வண்டில."

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. மணி பத்தே முக்கால். அப்போது அவர்கள் சிதம்பரத்துக்குள் வந்திருப்பார்கள், புறவழிச் சாலையில் ஏறியிருக்க மாட்டார்கள். நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நேரம் இருந்தது. நான் போடவில்லை. பாதியில் நிறுத்தினால் பதினான்கு ரீடிங்கும் வீண், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள்தான் தன் போனை எடுத்து இடது கையால் மூன்று தடவை போட்டாள். மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்காதீங்க என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்கிறவன் அவன், எப்படி எடுப்பான்? விரித்த தலையோடு, நோட்டை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, அவள் தெருவில் இறங்கி உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் ஓடி வந்தாள்.

பதினொன்றேகாலுக்குப் பாலத்தை விட்டு இறங்குகிற சரிவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் நின்றிருந்தது. செபாஸ்டின் அங்கேயே செத்துப்போனான். சவரியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். கைப்பிரேக்கைக் கடைசிவரை இழுத்திருக்கிறான் என்று அறிக்கையில் பார்த்தேன். வேலை தெரிந்தவன். நித்யா மேரி பிழைத்துக்கொண்டாள், இடுப்புதான் நொறுங்கிவிட்டது என்றார்கள். குழந்தைக்குச் சிராய்ப்புகூட இல்லை. அம்மா மடியிலிருந்து நழுவி, பிரித்த மூட்டையின் மேல் விழுந்திருக்கிறான். இருபது கிலோ அரிசி, மெத்தை மாதிரி தாங்கியது. அந்த மூட்டையை அந்த இடத்தில் வைத்தது நான்தான். இதையும் எழுத வேண்டும், மேடம். ஒருத்தரும் அதைப் பேச மாட்டேன் என்கிறார்கள்.

வருத்தம் இல்லையா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். செபாஸ்டின் நல்ல பையன், அவனுக்கு நான் பத்துக்குப் பத்து போட்டவன். வருத்தம் இல்லாமல் இருக்குமா? ஆனால் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. ஒரே வரி. பாலகுமாரைக் கூப்பிட்டு இங்கே இந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஏன் எழுதவில்லை என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? இப்போது அரசாங்க ஆய்வாளரே கையெழுத்துப் போட்டு எழுதிவிட்டார், பிரேக் பிடிக்காததே விபத்துக்குக் காரணம் என்று. எனக்கு அதில் ஒரு நகல் வேண்டும்.

நேற்று மலர்க்கொடி வந்தாள். தலையைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். இனி பின்ன ஆள் இல்லை என்று வெட்டிக்கொண்டாளாம். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து, இப்பவாவது நம்புறியா என்று கேட்டேன். அவள் உங்களிடம் போய் ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்று இப்போதுதான் புரிகிறது. அதனால்தான் மூன்று ஃபைலைத் தரையில் வரிசையாக வைத்திருக்கிறீர்கள். இடது பக்கம் பச்சை, நடுவில் மஞ்சள், வலது ஓரம் சிவப்பு. வண்டி ஓட்டுகிற மாதிரி உட்காருங்க, நான் மேசையைத் தட்டினதும் பிரேக்கை மிதிங்க என்கிறீர்கள். தாராளமாக. நான் எதற்குப் பயப்பட வேண்டும்? பதினான்கு தடவை செய்தவன் நான்.

ஆனால் நீங்கள் சொல்லிவிட்டுத் தட்டவில்லை. ஏட்டிடம் தண்ணீர் கேட்டீர்கள், சேத்தியாத்தோப்பில் எனக்குச் சொந்தக்காரர் யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது பளாரென்று தட்டினீர்கள். பரவாயில்லை. எந்த நேரத்தில் தட்டினாலும் என் கால் போகிற இடத்துக்குத்தான் போகும். குனிந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை. அழுத்தி மிதித்திருக்கிறேன், தரையோடு. சிவப்பு அட்டை காலுக்குக் கீழே மடங்கிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். மின்கம்பத்தில் மோதிய அன்றைக்கும் என் கால் இதே இடத்தில்தான் இருந்தது, மேடம். எழுதிக்கொள்ளுங்கள்.